பாதிப் படியில் நின்ற நாற்காலி

...அதைத்தான் தம்பி நானும் சொல்றேன், இந்தச் சேர் இந்தப் படிக்கட்டுல இருக்கவே கூடாது. நீயே பாரு. ஒரு மனுஷன் இறங்க வழி இருக்கா? நீ மேல நிக்கற, நான் நடுவுல உக்காந்திருக்கேன், என் கால் வச்சிருக்கற பலகை எதிர்ச் சுவத்தைத் தொடாத குறை. இதுல நீ எங்க புகுந்து போவ? வேணாம் வேணாம், ஒதுங்கிப் போகப் பாக்காத, சுவத்துல சுண்ணாம்பு உதிருது, சட்டை வீணாப் போயிடும். நில்லு. அவசரமா? எல்லாருக்கும் அவசரம்தான்.

நான் ஏன் இதுல உக்காந்திருக்கேன்னுதானே யோசிக்கற? அந்தப் பார்வையே சொல்லுது. சோதனை தம்பி. பரிசோதனை. சாயங்காலம் கீழ கூட்டம் இருக்கில்ல, இந்தச் சேரை வச்சுக்கறதா கழட்டறதான்னு முடிவு பண்ண. உக்காந்தே பாக்காம நாளைக்கு எப்படிப் பேசறது? நாளைக்கு இல்ல, இன்னைக்கு. அதனால சும்மா ஒரு தடவை... ஒரே ஒரு தடவை... உக்காந்து பாத்தேன். சுவத்தோரத் தண்டவாளத்துல கரண்டுல ஏறி இறங்கற சேர், பாதியில நின்னுடுச்சு. இப்பத் தெரியுதா இதோட லட்சணம்?

மேல் வீட்டுக்குப் புதுசா வந்த தம்பிதானே நீ. நேத்து உன் சாமான் லாரி வந்தப்ப ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். அந்தப் பீரோ. நாலு பேர் தூக்கிட்டு வந்து இந்தத் தண்டவாளத்துல இடிக்கறான், சாய்க்கறான், கீழ இருக்கறவன் இடது இடதுங்கறான், மேல இருக்கறவனுக்குத் தன் இடதா அவன் இடதான்னு தெரியல. எனக்கு உள்ள துடிக்குது. நான் பள்ளிக்கூடத்துல டிரில் டீச்சர் தம்பி. விசில் டீச்சர்னுதான் பேரே. மைதானம் நிறைய பிள்ளைங்களை ஒரே ஊதல்ல வலப்பக்கம் திருப்பினவ. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பீரோ தானாத் திரும்பியிருக்கும். கடைசியில வண்டி நிறுத்தற இடத்துலயே விட்டுட்டுப் போயிட்டானுங்க. அது இன்னும் அங்கதான் நிக்குது, போர்வையைப் போத்திக்கிட்டு, காய்ச்சல்காரன் மாதிரி.

தலைவர் அதைப் பத்தி உன்கிட்டப் பேசினாரா? கீழ் வீட்டுக்காரர், சங்கத் தலைவர். பேசியிருப்பாரு. "தண்டவாளம் இருக்கற வரைக்கும் உங்க பீரோ ஏறாது தம்பி"ன்னு தோள்ல கை போட்டுச் சொல்லியிருப்பாரு. சொன்னாரா? அப்ப நீயும் தலையை ஆட்டியிருப்ப. புதுசா வந்தவங்க எல்லாரும் தலையை ஆட்டுவாங்க.

கணக்கு ஒண்ணும் பெரிசு இல்ல. மொத்தமே நாலு வீடு. கீழ தலைவர். முதல் மாடியில நான், எனக்கு எதிர்ல லேப் பொண்ணு. அதுக்கு மேல நீ. வீட்டுக்கு ஒரு குரல். சேர் லேப் பொண்ணோடது. கீழ இருந்து எங்க மாடி வரைக்கும்தான் போகும். கம்பெனிக்காரங்க வந்து மாட்டினப்போ, கொஞ்ச மாசம் இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு விட்டோம். அந்த அப்புறம் இன்னைக்கு வந்துடுச்சு. தலைவர் கழட்டணும்ங்கறாரு. நானும் கழட்டணும்ங்கறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். பொண்ணு வேணும்ங்கறா. நீ?

சொல்லாத. இப்பச் சொல்லாத. கொஞ்சம் கேட்டுட்டு அப்புறம் சொல்லு.

என்ன, என் வீட்டுக்காரரைக் கூப்பிடவா? கூப்பிடு தம்பி, தாராளமாக் கூப்பிடு. நான் கூப்பிடாம இருந்திருப்பேன்னு நினைக்கறியா? தொண்டை வறண்டுபோச்சு. கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்காரு, டிவி முன்னாடி. காது கேக்காது. காது மெஷின் வாங்கிக் குடுத்தேன். நல்ல மெஷின், கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும், வச்சா வெளியவே தெரியாது. வச்சுக்க மாட்டாரு. கௌரவம். ‘மெஷின் வச்சா எல்லாரும் என்னைக் கிழவன்னு நினைப்பாங்க’ன்னாரு. இப்ப மட்டும் என்ன நினைக்கறாங்களாம்? கடைக்காரன் ‘பை வேணுமா’ன்னு கேட்டா இவரு ‘நல்லா இருக்கேன்’ங்கறாரு. மெஷின் டப்பாவுக்குள்ள, டப்பா அலமாரிக்குள்ள, அலமாரிக்குச் சாவி எங்கன்னு அவருக்கும் தெரியாது. எத்தனை தரம் சொல்லியிருப்பேன், உதவிக்குன்னு ஒரு பொருள் இருக்கறப்போ அதை வச்சுக்கறதுல என்னங்க வெட்கம், நம்ம உடம்புதானே, நம்ம காதுதானேன்னு. எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி உக்காந்திருப்பாரு.

ஏன் சிரிக்கற? சிரிக்கலையா. சரி.

கரண்ட் போகல தம்பி, பாரு, உன் தலைக்கு மேல விளக்கு எரியுது. இந்தச் சேருக்கு மட்டும் தனி லைன். அதுல ஒரு டைமர் மாட்டியிருக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சா அணைஞ்சுடும், தலைவர் தூங்கி எந்திரிக்கற நேரத்துக்குத் திரும்ப வரும். இன்னைக்குக் காலையிலதான் மாட்டினாங்க. முதல் நாள். முதல் நாளே என்னை... விடு.

நீ போய் அந்த டைமரைத் திருப்பி விடறியா? நல்ல பிள்ளை. ஆனா அது கீழ இருக்கு, நீ மேல இருக்க. நடுவுல நான். சரி, நான் எப்படியாவது பலகையை மடக்கி உன்னை விட்டேன்னே வச்சுக்கோ. அது ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டிக்குப் பூட்டு. சாவி தலைவர் இடுப்புல. தலைவர் தூங்கறாரு. பூட்டு போடணும், சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கணும், கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்கக் கூடாதுன்னு கூட்டத்துல ஒருத்தர் ரொம்பக் கறாராப் பேசினாங்க.

யாரா? ஒருத்தர்.

நான்தான்.

இரு, இரு, மேல திரும்பிப் போகாத. தனியா உக்காந்து உக்காந்து பயித்தியம் பிடிக்குது. இந்தச் சுவத்தையே எவ்வளவு நேரம் பாக்கறது? அந்த விரிசல் இருக்கு பாரு, அது முதல்ல ஆறு மாதிரி இருந்துச்சு, இப்பத் தலைவர் மூக்கு மாதிரி இருக்கு. உக்காரு அந்தப் படியில. உனக்கு முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

அந்த லேப் பொண்ணு இருக்காளே, ரத்தம் பரிசோதிக்கற இடத்துல வேலை. நாள் பூரா மைக்ராஸ்கோப்புல கண்ணு. குழந்தையில வந்த நோவு, ரெண்டு காலும் சூம்பிப்போச்சு, ரெண்டு கையிலயும் ஊன்றுகோல். சேர் வர்றதுக்கு முன்னாடி இந்தப் படியில எப்படி ஏறுவா தெரியுமா? உக்காந்து. படிக்கு முதுகைக் காட்டி உக்காந்து, ரெண்டு கையையும் பின்னாடி ஊனி, ஒரு எக்கு. ஒரு படி. இன்னொரு எக்கு. ஊன்றுகோல் ரெண்டையும் கயித்துல கட்டி முதுகுல மாட்டியிருப்பா, பை கழுத்துல தொங்கும். நான் கதவுக் கண்ணாடி வழியாப் பாப்பேன். ஒட்டுக்கேக்கற மாதிரி இது ஒட்டுப்பாக்கறது. ஆனா தம்பி, அந்தத் தோள்பட்டை... என் சர்வீஸ்ல அப்படி ஒரு தோளைப் பாத்ததில்ல. கயிறு இழுக்கற போட்டியில முதல் ஆளா நிறுத்தியிருப்பேன்.

ஒரு நாள் மனசு கேக்காம வெளிய போய்க் கை நீட்டினேன். வேண்டாம் டீச்சர், நடுவுல யாராவது கை குடுத்தா என் கணக்கு தப்பிடும், விழுந்துடுவேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னா. கோபமா இல்ல. சிரிச்சுக்கிட்டே. எனக்குத்தான் மூஞ்சி சுருங்கிப்போச்சு. மேல வந்ததும் எந்திரிச்சுப் பின்பக்கம் தூசியைத் தட்டுவா பாரு, அதைத்தான் என்னால பாக்க முடியாது. அப்பக் கண்ணாடியை விட்டு நகந்துடுவேன்.

அப்புறம்தான் இந்தச் சேர் வந்துச்சு. வந்த அன்னைக்கு அவ இதுல ஏறி வர்றதைப் பாத்தேன். மடியில பை, ஊன்றுகோல் ரெண்டும் பக்கத்துல, முதுகு நேரா, முகம் முன்னாடி. வேர்வை இல்ல, தூசி இல்ல. ஏதோ பட்டத்து ராணி ஊர்வலம் போற மாதிரி. கதவைத் திறந்து நின்ன என்னைப் பாத்து, இதான் டீச்சர் முதல் தடவையா இந்தப் படியில உங்களைப் பாத்துக்கிட்டே வர்றேன்னா. இத்தனை நாளும் முதுகைக் காட்டித்தானே வந்தா. சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கேன்னு சொன்னேன். அதுதான் தம்பி என் வாயில வந்துச்சு. சத்தம் அதிகமா இருக்கே.

பொறாமையா? எனக்கா? எதுக்கு? எனக்கென்ன, கால் இல்லையா?

...

முட்டி தம்பி. சொல்லிடறேன், நீ யார்கிட்டயும் சொல்லாத. ரெண்டு முட்டியும் போச்சு. ஓடினவ இல்லயா, ஓடவும் வச்சவ. தரையில நடப்பேன், ஜோரா நடப்பேன். படின்னா பூட்டிக்கும். இறங்கறது இன்னும் மோசம். ஒரு கால் கீழ வச்சா இன்னொரு கால் மேல நின்னுக்கிட்டு வரமாட்டேன்னு அடம் பிடிக்கும், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி. யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டக் கூட. வெயிலா இருக்குன்னேன், மழை வரும்போல இருக்குன்னேன், ரெண்டும் இல்லாத நாள்ல காத்து சரியில்லைன்னேன். கடைக்கு அவரை அனுப்பினேன். தக்காளி வாங்கிட்டு வாங்கன்னா தீப்பெட்டி வரும். அவர் காதோட பலன் அது. மாசக்கணக்கா ஜன்னல்தான் தம்பி. போறவங்க வர்றவங்க உச்சந்தலையெல்லாம் எனக்கு அத்துப்படி. தலைவருக்கு நடுமண்டையில வழுக்கை, அவருக்கே தெரியாது.

அப்புறம் ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கிட்டு இறங்கிட்டேன். கைப்பிடியைப் பிடிச்சு, பக்கவாட்டுல, நண்டு மாதிரி. காய் வாங்கினேன். திரும்பி வந்தா படி என்னைப் பாக்குது, நான் படியைப் பாக்கறேன். கையில பை வேற. பக்கத்துல இந்தச் சேர் சும்மா நிக்குது. நான் ஒண்ணும் உக்காரல. பையை மட்டும் உக்கார வச்சேன். பெல்ட்டு போட்டேன், பூசணிக்காய் உருளும்ல. நான் எப்படியோ தவழ்ந்து மேல போய்ச் சேர்ந்து, மேல இருக்கற பட்டனை அமுக்கிப் பிடிச்சேன். பை தனியா ஏறி வருது தம்பி. விர்ர்ர்னு. கீரைக்கட்டு தலையை ஆட்டிக்கிட்டு, ஒரு கவலை இல்லாம. நான் வேர்த்து விறுவிறுத்து நிக்கறேன், பூசணிக்காய் ஜம்முனு வந்து இறங்குது. அன்னைக்கு ராத்திரி பூரா அதையே நினைச்சேன். பூசணிக்காய்க்கு இருக்கற யோகம் எனக்கு இல்லையா?

அடுத்த நாள் பைக்குத் துணையா உக்காந்தேன். அதுக்கு அடுத்த நாள் பையே இல்ல.

ஐயோ தம்பி, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்றது. மெதுவாத்தான் போகுது. ஆனா நாம ஒண்ணும் பண்ணாம போகுது. முதல் தடவை கீழ வரைக்கும் வந்துட்டு, யாரும் இல்லயேன்னு திரும்ப மேல போனேன். மேல ஒரு வேலையும் இல்ல, திரும்பக் கீழ வந்தேன். சும்மாவே தம்பி. குடை ராட்டினத்துல குழந்தை மாதிரி. அவ லேப்புக்குப் போனதும், இவரு டிவியில உக்காந்ததும், தலைவர் குறட்டை கேட்டதும், நான் கிளம்பிடுவேன். பூங்காவுக்குப் போவேன். அங்க பிள்ளைங்க ஓடறதைப் பாத்திருக்கியா? கண்றாவி. கையைக் காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டு ஓடறானுங்க. நான் பெஞ்சுல இருந்தே சத்தம் போட்டு ரெண்டு பேருக்குக் கையைச் சரி பண்ணிட்டேன். இப்ப அவனுங்களே வந்து வரிசையா நிக்கறானுங்க, எங்களையும் பாருங்க டீச்சர்னு. ஜன்னல்ல நின்னவளுக்கு இதெல்லாம் கிடைக்குமா, சொல்லு.

அப்புறம் என்ன கேடுன்னு கேக்கறியா? தலைவர் தூக்கம்தான் கேடு. அவர் படுக்கற சுவரும் இந்தச் சுவரும் ஒண்ணு. போன கூட்டத்துல எந்திரிச்சு, பொண்ணு வேலைக்குப் போன அப்புறமும் மத்தியானத்துல சேர் ஓடற சத்தம் கேக்குதே, யார் அது ஓட்டறதுன்னாரு. எல்லாரும் எல்லாரையும் பாக்கறாங்க. எனக்கு முகத்துல ஈ ஆடல. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதே. நான் எந்திரிச்சு, தெருப் பசங்க வேலைதான் இது, ஒரு டைமர் மாட்டுங்க, அந்த நேரத்துக்குக் கரண்டே இருக்கக் கூடாது, பூட்டு போடுங்க, அப்புறம் எவன் வர்றான்னு பாக்கலாம், இந்தச் சேரே தொந்தரவு, சொன்ன மாசம் முடிஞ்சா கழட்டிடறது நல்லதுன்னு... ஒண்ணு சொல்லப் போய் இன்னொண்ணு, இன்னொண்ணு சொல்லப் போய் மூணாவது. ஓட ஆரம்பிச்சவளை நிறுத்த விசில் ஊத அங்க யாரும் இல்ல.

அப்பத்தான் அந்தப் பொண்ணு கேட்டா. மெதுவா, என்னைப் பாத்து. "டைமர் போடுங்க டீச்சர், எனக்கு ஒண்ணும் இல்ல, நான் லேப்ல இருப்பேன். ஆனா அந்த நேரத்துல வேற யாருக்காவது வேணும்னா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேற யாருக்கு வேணும்? நாங்கல்லாம் கால் இருக்கறவங்க."

அவ முன்னாடி சொன்னேன் தம்பி. அவ ஊன்றுகோல் அவ மடியில இருந்துச்சு. தலைவரே குனிஞ்சுக்கிட்டாரு. அவ மட்டும் சிரிச்சா. சரி டீச்சர்னா. அவ்வளவுதான். அன்னைக்கு இருந்து சேர்ல உக்காரும்போதெல்லாம் அந்த வார்த்தை கூடவே உக்காந்து வருது. கால் இருக்கறவங்களாம். எங்க இருக்கு? இதோ தொங்குது, பாரு, ரெண்டும், படி இருக்குன்னு தெரிஞ்சும் இறங்க மாட்டேங்குது. நீ வர்றதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டி ஒரு காலைக் கீழ வச்சுப் பாத்தேன். முட்டி பூட்டிக்கிச்சு. எப்படியோ திரும்ப ஏறி உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டேன். அதோட சரி.

இன்னைக்கு எப்படி மாட்டினேன்னா, அதுவும் என் வாய்தான். நேரம் இருக்குன்னுதான் வந்தேன். கரண்ட் அணையறதுக்குள்ள பத்து தரம் ஏறி இறங்கலாம், அவ்வளவு நேரம் இருந்துச்சு. கீழ பார்சல் கொண்டு வர்ற பையன் நின்னான். வாப்பான்னேன். அவன் நிக்கற விதம் சரியில்ல, ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னான், முதுகுக்குக் கெடுதல். அதைச் சொல்லி, எப்படி நிக்கணும்னு சொல்லிக் குடுத்து, அவங்க அம்மாவுக்கு என்ன உடம்புன்னு கேட்டு... அவன் மெள்ள மெள்ளப் பின்னாடியே நகந்து போயிட்டான், நான் காத்துகிட்டப் பேசிட்டிருக்கேன். அப்புறம் ஏறி உக்காந்தேன். பாதி தூரம் வந்ததும் டக். நின்னுடுச்சு. என் டைமர், என் பூட்டு, என் சட்டம். யாரைக் குத்தம் சொல்றது? அதான் சேரைச் சொல்லிட்டிருந்தேன்.

தூக்கிட்டுப் போறியா? என்னையா? உன்னைப் பாத்தாத் தலையணையைத் தூக்கினாலே மூச்சு வாங்கும்போல இருக்கு. வேணாம்பா, உன் இடுப்பு பிடிச்சுக்கும், அப்புறம் உனக்கும் ஒரு சேர் வேணும். உன் மனசுக்கு நல்லா இருப்ப.

வேற ஒரு உதவி பண்ணு. பக்கத்துல வா, மெதுவாச் சொல்றேன். நீ கூட்டத்துல எந்திரிச்சு, சேர் வேணும்னு சொல்லு. நீயும் பொண்ணும் ரெண்டு, நானும் தலைவரும் ரெண்டு. சமம். சமம்னா இருக்கறது இருந்துட்டுப் போகும். நான் எதிர்த்துப் பேசுவேன், பயந்துடாத, அது ஊருக்காக. கொஞ்சம் சத்தமாவே பேசுவேன். நேத்து வந்த பையனுக்கு என்ன தெரியும்னு கூடச் சொல்லுவேன். நீ அசையக் கூடாது. நான் கத்தக் கத்த நீ நிமிர்ந்து நில்லு. முதுகு நேரா, பார்வை முன்னாடி. உன் பீரோவைப் பத்திக் கவலைப்படாத, மரவேலை செய்யறவர் ஒருத்தர் தெரியும், பக்கம் பக்கமாக் கழட்டி மேல கொண்டு போய் மாட்டிக் குடுத்துடுவாரு, உன் பீரோவுக்கே அது பிரிஞ்சது தெரியாது.

நான் ஏன் நேரா சொல்லக் கூடாதுன்னு கேக்கற மாதிரி பாக்காத. எப்படிச் சொல்றது? கால் இருக்கறவங்கன்னு சொன்ன வாய். அதே வாயால எனக்கும் வேணும்னு எப்படிக் கேக்கறது? தலைவர் முன்னாடி? இவர் முன்னாடி? காது மெஷினுக்கு வெட்கப்படாதீங்கன்னு தினம் காலையில பாடம் எடுக்கறேனே, அவர் முன்னாடியா? வருஷம் பூரா சிரிப்பாரு. அவருக்குக் கேக்காதுதான், ஆனா சிரிப்பாரு.

இந்தப் பெல்ட்டு வேற. கொஞ்சம் இறுக்கமா... இல்லயே. இறுக்கமா இல்ல. சரியா இருக்கு.

இரு.

தம்பி, ஒரு விஷயம். அவ ஒல்லி. குச்சி மாதிரி. அவ இடுப்புக்கு வச்ச பெல்ட்டு எனக்குப் பத்தாது, நான் தினம் இழுத்து நீட்டி விடுவேன், போறப்போ பழையபடி இறுக்கி வச்சுட்டுத்தான் போவேன். கண்ணும் கருத்துமா வைப்பேன். இன்னைக்கு நான் உக்காந்ததும் நீட்டவே இல்ல. நேரா மாட்டினேன். மாட்டிக்கிச்சு. நேத்தும் நீட்டல. போன கூட்டத்துக்கு முந்தின நாள்... அன்னைக்கும் இல்ல. இது என் அளவுலயே இருக்கு. அவ காலையில இதுல இறங்கிட்டு, எனக்காக நீட்டி விட்டுட்டுப் போறா.

அப்ப அவளுக்குத் தெரியும்.

தெரிஞ்சுதான் கேட்டிருக்கா. வேற யாருக்காவது வேணும்னான்னு. என்னைப் பாத்துத்தான் கேட்டா, நான்தான் சொன்னேனே உனக்கு, மெதுவா, என்னைப் பாத்துன்னு. எனக்கு வழி விட்டிருக்கா தம்பி. கதவைத் திறந்து வச்சுட்டு நின்னிருக்கா. நான் அந்தக் கதவையே அவ மூஞ்சியில சாத்தியிருக்கேன். சாத்தின அப்புறமும், சரி டீச்சர்னுட்டு, அடுத்த நாள் காலையில குனிஞ்சு பெல்ட்டை நீட்டி விட்டுட்டுப் போயிருக்கா.

பேசாத கொஞ்சம். நீ எங்க பேசற. நான்தான்.

...என்ன சத்தம் அது? நீ ஆட்டினியா? இல்லயே, நகருது. தம்பி, நகருது இது. கரண்ட் வந்துடுச்சு. ஆனா நான் ஒண்ணையும் அமுக்கலயே, இது ஏன் கீழ போகுது? நான் மேலயில்ல போகணும். கீழ யாரோ பட்டனைப் பிடிச்சிருக்காங்க. அதை அமுக்கிப் பிடிச்சுட்டே இருக்கணும், அப்பத்தான் வரும். யாரு? குனிய முடியல, நீ எட்டிப் பாரு... ஊன்றுகோல் தெரியுதா? ஒரு கை சுவத்துலயா? அவதான். கூட்டத்துக்குன்னு சீக்கிரம் வந்திருக்கா. பக்கத்துல தலைவரா? எந்திரிச்சுட்டாரா? எவ்வளவு நேரமா நிக்கறாங்க? இந்தப் படிக்கட்டு குழாய் மாதிரி தம்பி, மேல தும்மினாக் கீழ கேக்கும்.

எல்லாம் கேட்டுட்டாங்க. தலைவர் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. வழுக்கைப் பேச்சு கூடக் கேட்டிருக்கு, மண்டையைத் தடவறாரு.

நீ பின்னாடியே வா. விட்டுட்டு ஓடிடாத. இறங்கு, இறங்கு, படி பாத்து.

தலைவரே, வணக்கம். பரிசோதனைன்னு ஒண்ணும் இல்ல, நீங்க நினைக்கறதுதான். தினம் மத்தியானம் ஓட்டினது தெருப் பசங்க இல்ல. நான். எனக்குப் படி ஏற முடியல. இறங்கவும் முடியல. கூட்டம் அப்புறம் என்ன கூட்டம், எல்லாரும் இங்கதானே இருக்கோம், இங்கயே வச்சுப்போம். சேர் இருக்கணும். டைமர் வேணாம். நீங்க காதுல பஞ்சு வச்சுட்டுத் தூங்குங்க. வேணும்ங்கறவங்க கையைத் தூக்கலாம். இதோ, நான்தான் முதல் கை. நல்லா நேரா, முழங்கையை மடக்காம.

ஏம்மா பொண்ணு, அன்னைக்கு நான் சொன்னது... என்ன? எண்ணெய் போடணுமா? ஆமா, எனக்கும் கேட்டுச்சு, நடுவுல ஒரு இடத்துல கிரீச்சுங்குது. ஞாயித்துக்கிழமை சேர்ந்து போடலாம். நான் உன்கிட்ட வேற ஒண்ணு சொல்ல வந்தேன், நீ எண்ணெயைப் பத்திப் பேசற. சரி. இறங்கி வந்து சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொன்னது, எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்.

தம்பி, பின்னாடி என்ன பண்ற, என்னால திரும்ப முடியல. நீயும் கையைத் தூக்கிட்டியா? பீரோவை நினைச்சு இறக்கிடாத. யாரு அது இன்னொரு செருப்புச் சத்தம்? நீங்களா? கதவைத் திறந்துட்டு வந்துட்டீங்களா? என்ன ஏதுன்னே கேக்காம நீங்க எதுக்குங்க கையைத் தூக்கறீங்க, எல்லாரும் தூக்கினாத் தூக்கிடறதா? வீட்டுக்கு ஒரு கைதான். இறக்குங்க. சிரிக்காதீங்க.

மூணு வந்துடுச்சுன்னு நினைக்கறேன் தலைவரே. நான், மேல் வீட்டுத் தம்பி, அப்புறம் இந்தப் பொண்ணு... ஏம்மா, நின்னுடுச்சே. இன்னும் மூணு படி இருக்கறப்போ நின்னுடுச்சு. கரண்டா? இல்ல. ஐயோ, நீ எதுக்கும்மா பட்டன்ல இருந்து கையை எடுத்த?

ஓ. கையைத் தூக்கறதுக்கா.

சரி, அப்படியே இரு. இறக்காத. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. தலைவரே, நீங்க முதல்ல எண்ணி முடிங்க.